"நாம்" என்று சொன்ன தமியான் சாமியார்

மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்த தமியான் சாமியாரைப் பற்றி நம்மில் மூத்தவர்கள் பலர் கோவில் பிரசங்கத்தில் கேட்டிருப்போம். கதையைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். பல ஆண்டுகள் நோயாளிகளோடு இருந்த அவர் ஒருநாள் கொதிக்கும் நீரில் காலை வைத்தும் சுடாததைக் கண்டு, தமக்கும் நோய் வந்துவிட்டதை அறிந்தார். அடுத்த ஞாயிறு பூசையில், வழக்கமான "சகோதரரே" என்ற அழைப்பை விட்டு, "குஷ்டரோகிகளாகிய நாம்" என்று பிரசங்கத்தைத் தொடங்கினார். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும்.

நடந்தது அதைவிடப் பெரியது. அவர் அந்தக் குடியிருப்பில் கால் வைத்தது 1873 மே 10. அதே ஆண்டு நவம்பரில், பெல்ஜியத்தில் குருவாக இருந்த தம் அண்ணன் பம்ஃபீலுக்கு எழுதிய கடிதத்திலேயே, தாம் பிரசங்கத்தில் அப்படித்தான் பேசுவதாகச் சொல்லிவிட்டார். வெந்நீர் சங்கதி நடந்தது 1884 இறுதியில். ஆக, உடம்பில் ஒரு தழும்பும் இல்லாமல், முப்பத்து மூன்று வயதுத் திடகாத்திரமான விவசாயி மகனாக இருந்தபோதே அவர் தம்மை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். (குஷ்டரோகி என்ற சொல்லை இன்று யாரும் வாயில் எடுக்கக் கூடாது, சரிதான். ஆனால் அன்றைக்கு அந்த மக்களை ஊர் அழைத்தது அப்படித்தான். அவர் தமக்கு எடுத்துக்கொண்டதும் அந்தப் பெயரைத்தான்.)

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு சின்ன ஆர்வம் உண்டு. பிரெஞ்சில் "நூ" என்று ஒரே சொல்தான். கேட்பவரைச் சேர்த்துக்கொண்டாலும் அதுதான், விலக்கினாலும் அதுதான். தமிழில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. ஹவாய் மொழியிலும் இப்படியே இரண்டு உண்டு: "காகோவ்" என்றால் நாம், "மாகோவ்" என்றால் நாங்கள். அவர் பிரசங்கம் செய்தது ஹவாய் மொழியில். எதிரே இருந்த நோயாளிகளைப் பார்த்து அவர் சொன்னது நம் "நாம்" அல்லாமல் வேறு எதுவாக இருக்க முடியும்?

அவருடைய இயற்பெயர் யோசெஃப் தெ வெஸ்டர். பெல்ஜியத்தில் திரெமெலோ என்ற ஊரில் 1840 ஜனவரி 3 அன்று பிறந்தவர். ஹவாய்க்குப் போக வேண்டியவர் உண்மையில் அண்ணன்தான். அவர் காய்ச்சலில் படுத்துவிட, தம்பி கேட்டு வாங்கிக்கொண்டு கப்பலேறி, 1864 மார்ச் 19 அன்று ஹொனலூலுவில் இறங்கினார்.

அதற்கு மறு ஆண்டே ஹவாய் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொழுநோய் கண்டவர்களைப் பிடித்துத் தனியாக வைக்கலாம் என்பது சட்டம். அதன்படி 1866 முதல் அவர்களை மொலோக்காயின் வடகரையில் ஒரு தீபகற்பத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் செங்குத்தான மலைச்சுவர். புருஷனிடமிருந்து பெண்டாட்டியையும் தாயிடமிருந்து பிள்ளையையும் பிரித்தார்கள். தமியான் போனபோது அங்கே 600-க்கும் 800-க்கும் இடையில் ஆட்கள் இருந்தார்கள். நான்கு குருக்கள் முறைபோட்டுச் சில மாதங்கள் இருந்து வருவதுதான் மேத்திராணியாரின் ஏற்பாடு. முதல் முறைக்குப் போனவர் திரும்பவேயில்லை. பதினாறு ஆண்டு.

தொடக்கத்தில் தங்க வீடில்லை. ஒரு தாழை மரத்தடியில் படுத்தார். நோயாளிகளைத் தொடாதே, அவர்கள் பாத்திரத்தில் சாப்பிடாதே என்பது பெரியவர்கள் சொல்லி அனுப்பிய புத்தி. ஆனால் ஹவாய்க்காரர்களுக்குச் சாப்பாடு என்றால் "போய்". சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் கரைத்த கூழ் அது. நடுவில் ஒரே பாத்திரம், சுற்றி உட்கார்ந்து எல்லாரும் விரலால் எடுத்துச் சாப்பிடுவார்கள். கூப்பிட்டும் கை வைக்காதவன் அந்த வீட்டை அவமதித்தவன். அவர் கை வைத்தார். புண்களின் வாடை தாங்காமல் புகைபிடிக்கப் பழகினார், பிறகு அந்தக் குழாயையே கேட்டவர்களுக்குக் கொடுத்தார். கோவிலில் இன்னொரு சங்கடம். எச்சிலும் சளியும் ஓயாமல் வருகிறவர்கள் கூச்சப்பட்டு வெளியிலேயே நின்றார்கள். பலகைத் தரையில் துளைகள் போட்டு, அதன் வழியே துப்பிக்கொள்ள வசதி செய்து உள்ளே அழைத்தார். அவருடைய பெரிய காரியங்களைவிட எனக்கு இந்தத் துளைகள்தான் மனதில் நிற்கின்றன. உள்ளே வராதவர்கள் ஏன் வரவில்லை என்று நின்று பார்த்த ஒருவருக்குத்தான் இது தோன்றும்.

செத்தவர்கள் நிலை இன்னும் மோசமாக இருந்தது. பெட்டியில்லாமல் மேலோட்டமாகப் புதைத்துவிடுவார்கள். நாயும் பன்றியும் கிளறும். தச்சு வேலை தெரிந்த அவர் தம் கையால் சவப்பெட்டிகள் செய்தார், கல்லறைக்கு வேலி போட்டார். தண்ணீருக்குக் குழாய் பதித்ததும், புயலுக்குப் பின் மரவீடுகள் கட்டியதும், அநாதைப் பிள்ளைகளைத் தம் வீட்டருகே வைத்து வளர்த்ததும் பலருக்குத் தெரிந்தவைதான்.

அவர் சாதுவான மனிதர் அல்ல. முன்கோபி, பிடிவாதக்காரர். சுகாதார அதிகாரிகளுடன் சண்டை, உடன் அனுப்பப்பட்ட குருவோடும் ஒத்துப்போகவில்லை. மரத்துக்கும் மருந்துக்கும் மேலிடத்துக்கு எழுதி எழுதி அவர்கள் பொறுமையைச் சோதித்தார். அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு அந்த அதிகாரிகளின் எரிச்சலும் புரிகிறது. அவர் இறந்தபின் ஹொனலூலுவிலிருந்த ஹைட் என்ற பாதிரியார் அவரை இழிவாக எழுதிய கடிதம் அச்சேறியது. அதற்கு எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1890-இல் பகிரங்கக் கடிதமாகக் கொடுத்த பதிலடி உலகம் அறிந்தது. அதிலும் குறைகளை ஸ்டீவன்சன் மறைக்கவில்லை.

அவரை உண்மையில் வாட்டியது தனிமை. பாவசங்கீர்த்தனம் செய்ய இன்னொரு குரு வேண்டும், அங்கே யாரும் இல்லை, அவருக்கும் வெளியே போக அனுமதி இல்லை. ஒருமுறை சபைத் தலைவர் கப்பலில் வந்தார். இறங்கவும் விடவில்லை, இவரை ஏறவும் விடவில்லை. படகில் நின்றபடி, கப்பல் மேல்தட்டில் நின்றவரை அண்ணாந்து பார்த்து, தம் பாவங்களைப் பிரெஞ்சில் உரக்கச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். அவர் பெயரைப் பிரெஞ்சுக்காரர் சொல்லும்போது "தமியேன்" என்றே காதில் விழும். நம் தோத்திரங்களில் வரும் தமியேன், துணையற்றவன், எனக்கு நினைவுக்கு வரும்.

அவர் மொலோக்காய் போன அதே 1873-இல்தான் நார்வேயில் டாக்டர் ஹான்சன் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். குணப்படுத்தும் மருந்து வர இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. தமியான் 1889 ஏப்ரல் 15 அன்று, 49 வயதில் இறந்தார். கேட்டுக்கொண்டபடியே முதல் நாட்களில் படுத்திருந்த அந்தத் தாழை மரத்தடியில் புதைத்தார்கள். 1936-இல் பெல்ஜியம் அவர் உடலைக் கேட்டு வாங்கி லூவேனுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்த நோயாளிகளுக்கு அது பெரிய மனக்குறை. 1995-இல் முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோது, முழு உடலைத் தராவிட்டாலும், வலது கையை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். அது இப்போது அந்தப் பழைய குழியில் இருக்கிறது.