பாதியில் நின்ற சன்ரூஃப்: மழைக்கு முன் மூடுவது எப்படி? கையால் இழுத்தால் என்ன ஆகும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பள்ளிப்பட்டு பகுதியில் எல்லோர் கண்ணும் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணை மேல்தான். அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு பெருகும், தரைப்பாலங்கள் மூழ்கும். 2021 நவம்பரில் அப்படித்தான் நடந்தது. அந்த மாதிரி ஒரு நாளில் நகரிக்கோ திருத்தணிக்கோ கிளம்பும்போது காரின் சன்ரூஃப் மூட மறுத்தால்? பட்டனை அழுத்தினால் கண்ணாடி வருது, கடைசி இரண்டு இன்ச்சில் தயங்குது, வந்த வழியே திரும்பிப் போயிடுது.

பதற்றத்தில் பலரும் செய்யும் முதல் காரியம், கண்ணாடியைக் கையால் பிடித்து இழுப்பது. அதை மட்டும் செய்யவே கூடாது. கண்ணாடியின் இரண்டு பக்கமும் கேபிள்கள் இருக்கின்றன. ஒரே மோட்டார்தான் இரண்டையும் சேர்த்து நகர்த்துகிறது. கையால் இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் நழுவி கண்ணாடி கோணலாகிவிடும். துணியால் துடைத்தாலே சரியாகியிருக்க வேண்டிய கோளாறு, மேற்கூரை லைனிங்கைக் கழற்றி மொத்த செட்டையும் மாற்றும் செலவில் போய் முடியும்.

கண்ணாடி ஏன் திரும்பிப் போகிறது?

பெரும்பாலும் இது பழுதே இல்லை, பாதுகாப்பு வசதி. மூடும்போது ஏதாவது தடுத்தால், குழந்தையின் விரலாக இருக்கலாம் என்று நினைத்து மோட்டார் கண்ணாடியைப் பின்னால் தள்ளிவிடும். இதற்கு 'ஆன்டி-பின்ச்' என்று பெயர். சிக்கல் என்னவென்றால், விரலுக்கும் காய்ந்த குச்சிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. புளியமர நிழலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் கண்ணாடி ஓடும் தடத்தைப் பாருங்கள். சருகு, மண், காய்ந்து கெட்டியான தூசி எல்லாம் அங்கேதான் சேரும்.

ஈரத் துணியால் தடத்தையும் சுற்றியுள்ள ரப்பரையும் துடைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். கையில் கிடைத்தது என்று தேங்காய் எண்ணெயோ பழைய இன்ஜின் ஆயிலோ விடாதீர்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு ஊரிலுள்ள தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ் போதும்.

பேட்டரி மாற்றிய பிறகு ஆரம்பித்ததா?

அப்படியானால் காரணம் வேறு. கண்ணாடி எங்கே இருக்கிறது என்ற கணக்கை சன்ரூஃப்பின் கன்ட்ரோல் யூனிட் நினைவில் வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றினாலோ, சார்ஜ் மிகவும் இறங்கினாலோ அந்தக் கணக்கு அழிந்துவிடலாம். அப்போது ரீசெட் செய்ய வேண்டும்.

ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் முறை ஏறக்குறைய இதுதான்: இன்ஜினை ஆன் செய்து கண்ணாடியை முழுதாக மூடுங்கள். ஒரே அழுத்தில் வராவிட்டால், தொட்டுத் தொட்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஸ்விட்சை விட்டுவிட்டு, மூடும் பக்கமாக மறுபடி சுமார் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கண்ணாடி லேசாக அசைந்ததும் கையை எடுத்துவிட்டு, உடனே திரும்பவும் அழுத்திப் பிடியுங்கள். கண்ணாடி தானே உயர்ந்து, திறந்து, மூடும். அது முடியும்வரை விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாடலுக்கு மாடல் விநாடியும் வரிசையும் மாறும், காரோடு தந்த கையேட்டைப் பார்த்துச் செய்வதே சரி. ரீசெட் நடக்கும்போது ஆன்டி-பின்ச் வேலை செய்யாமல் போகலாம். பிள்ளைகளை முதலில் வண்டியை விட்டு இறக்கிவிடுங்கள்.

சத்தமே வரவில்லை என்றால்?

ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும், பெரியது போட்டால் வயர் கருகும். திரும்பத் திரும்ப அழுத்தியதால் மோட்டார் சூடேறியும் நின்றிருக்கலாம், கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால் கேபிளில் கோளாறு. அது மெக்கானிக் வேலை. சில பழைய மாடல்களில் உள் விளக்குக்குப் பக்கத்து மூடியைக் கழற்றி, ஆலன் கீ போட்டு மோட்டாரைக் கையால் சுற்றி மூடலாம். புதிய கார்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது.

எதுவும் பலிக்கவில்லை, மழையும் வந்துவிட்டதா?

உள்ளே இருக்கும் திரையை இழுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், அது வெயிலுக்கு மட்டும்தான். தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டை மேற்கூரை முழுவதும் விரித்து, இரண்டு ஓரங்களையும் கதவுக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். முன்பக்கத்தை டேப் போட்டு ஒட்டலாம். ஈரத்தில் டேப் பிடிக்காது, முதலில் துடைத்துவிடுங்கள். இது வண்டி நிற்கும்போதுதான் தாங்கும், வேகமாக ஓட்டினால் ஷீட் பறந்து பின்னால் வருபவர் முகத்தில் விழும். திறந்தபடி சோளிங்கர் மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் போகும் யோசனை இருந்தால், அங்குள்ள குரங்குகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் உள்ளே போனால் சீட் நனைவதோடு நிற்காது. தரை விரிப்புக்கு அடியில் வயரிங் இருக்கிறது, சீட்டுக்குக் கீழே ஏர்பேக் கனெக்டர்கள் இருக்கின்றன. விரிப்பைத் தூக்கிக் காயவைத்தே ஆக வேண்டும். வழக்கமான கார் இன்ஷூரன்ஸில் மின்சார, இயந்திரக் கோளாறு சேராது என்பதால், இந்தச் செலவைக் கேட்டால் இழுபறி ஆகவும் வாய்ப்புண்டு.

சன்ரூஃப் நன்றாக மூடும் கார்களிலும் ஒரு விஷயத்தை மழைக்கு முன் பார்த்துவிடுங்கள். திறப்பின் மூலைகளில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். முன்பக்கத் துளையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால், சற்று நேரத்தில் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. வாட்டர் சர்வீஸ் கடையில் காற்றை வேகமாக அடிக்கச் சொல்லாதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிட்டால் அடுத்த மழைத் தண்ணீர் நேராக லைனிங்குக்குள்தான் இறங்கும்.