புல்லட்டும் காரைக்காலும்

போன தை மாதம், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவே அதிர்ந்தது. பதினான்கு புல்லட் வண்டிகள் வீட்டு வாசலில் வந்து நின்றன. என் பேரன் ஒரு மோட்டார் சைக்கிள் குழுவில் இருக்கிறான். அவ்வப்போது ஒரு ஞாயிறு சேர்ந்து கிளம்பி, கிராமப்புறம் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவார்கள். அன்று பாரீசிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவின் பேரனும் ஒரு வாடகை வண்டியில் சேர்ந்துகொண்டான். "பெரியப்பா, தரங்கம்பாடி வரைக்கும் வாங்களேன்" என்றான். எழுபத்தாறு வயதில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அவன் பின்னால் ஏறிவிட்டேன்.

கூட்டமாகப் போவதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வழி தெரிந்தவர் முதலில். வண்டியைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் கடைசியில். நடுவில் உள்ளவர்கள் ஒருவருக்கு நேர் பின்னால் ஒருவர் வராமல், இடமும் வலமுமாக மாறி மாறிப் போகிறார்கள். முன்னால் போகிறவர் திடீரென்று நிறுத்தினாலும் மோதாமல் இருக்க இந்த ஏற்பாடு. பள்ளம் வந்தால் முன்னவர் காலை நீட்டிக் காட்டுகிறார், பின்னவர் தெரிந்துகொள்கிறார்.

கோட்டுச்சேரி, பூவம் தாண்டி நண்டலாறு வந்தது. கண் இமைக்கும் நேரத்தில் புதுச்சேரி யூனியன் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிட்டது. "தாத்தா சொல்வாரே, பெட்டியைத் திறந்து பார்ப்பாங்கன்னு, அது இங்கேதானா?" என்று பையன் பிரெஞ்சில் கேட்டான். ஆமாம், இங்கேதான் என்றேன். 1954 வரை இது இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருந்த எல்லை. மாயவரத்துக் கல்யாணத்துக்குப் போனாலும் சுங்கக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

தரங்கம்பாடிக் கோட்டை வாசலில் டீ குடித்தபோது அந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பழைய கதை சொன்னேன். இந்தக் கோட்டை 1620-ல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கியது. 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். காரைக்காலை 1739-ல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்றார்கள். ஆக, அரை மணி நேர ஓட்டத்தில் மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்த மண்.

பிறகு அவர்கள் ஓட்டி வந்த வண்டியின் கதையையும் சொன்னேன். அது எங்கள் ஊர்க் கதையோடு ஒட்டிக்கொண்டே வருவது எனக்கு எப்போதும் வியப்பு.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அடுத்த ஆண்டு, 1955-ல், சென்னை திருவொற்றியூரில் புல்லட் தொழிற்சாலைக்கான வேலை தொடங்கியது. நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு 350 சிசி வண்டி தேவைப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்தது. முதலில் பாகங்கள் அங்கிருந்து வந்தன, இங்கே பூட்டினார்கள். அதாவது ஓடுவது இந்தியாவில், பிறப்பு இங்கிலாந்தில்.

எங்கள் நிலையும் அதுதான். ஆள்வது இந்தியா, சட்டப்படி பிரான்ஸ். 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும், முறைப்படி நாங்கள் இந்தியாவானது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். புல்லட்டின் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கியதும் அதே 1962 வாக்கில்தான்! பின்னாளில் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

வண்டிக்குச் சுலபம். மனிதர்களுக்கு அப்படி இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இந்தோசீனாவில் சொல்தாவாக இருந்த சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. "கோட்டுச்சேரி நிலத்தை யார் பார்ப்பது?" என்றார். ஒரே திண்ணையில் உட்கார்ந்த அண்ணன் தம்பி, ஒரே வாரத்தில் வேறு வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். சண்டை எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. சித்தப்பா போன பிறகு வந்த கடிதங்களை அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

நான் குமாஸ்தா வேலைக்குப் போன பிறகு வாங்கியது புல்லட் இல்லை, சுவேகா மொபெட். அது பிரான்சின் மோட்டோபெகான் கம்பெனியின் கூட்டுறவில் வந்த வண்டி. "நீயும் பிரெஞ்சுக்காரன் ஆகிவிட்டாயா?" என்று அப்பா கேலி செய்தார். அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு அவர் வாயில் சிரிப்போடு வந்தது.

தரங்கம்பாடியிலிருந்து நான் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அவர்கள் பூம்புகார், மயிலாடுதுறை, பேரளம், அம்பகரத்தூர், திருநள்ளாறு என்று சுற்றி மாலையில் வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சம்பா அறுவடைக் காலம், சாலையில் நெல் காயப் போட்டிருந்ததால் பாதித் தூரம் மெதுவாகத்தான் வந்தார்களாம். சட்டையெல்லாம் வைக்கோல் தூசு.

பையன்கள் இருவரும் கோட்டுச்சேரி நிலத்தில் இறங்கிப் படம் எடுத்திருந்தார்கள். பாரீஸ் பையன் அதை அவன் அப்பாவுக்கு அனுப்பினான். இரவு போன் வந்தது. "அண்ணே, வரப்பில் அந்தப் பனைமரம் இன்னும் இருக்கே" என்றான் தம்பி. இருவரும் வெகுநேரம் பேசினோம்.

அடுத்த தையிலும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இந்த இடுப்புவலி போக வேண்டும்.