சொறி விழுந்த காயும் டி.கல்லுப்பட்டி குமரப்பாவும்

போன ஞாயிறு எங்க சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், பூசணி, கோழின்னு ஆளாளுக்குக் கொண்டு வந்து வச்சாங்க. நான் ரெண்டு கிலோ ஏலக்காய் கொண்டு போனேன். ஏலக்காயை ஏலம் விட்டதில் நல்ல விலைக்கே போச்சு. ஆனா அந்தக் காய்க்கு இருபது நாளைக்கு ஒரு தடவை மருந்து அடிச்சிருக்கேன்கிறது எனக்குத்தானே தெரியும். அது உறுத்திக்கிட்டே இருந்தது. அதனாலதான் இன்னைக்கு ஜே.சி.குமரப்பாவைப் பத்தி எழுத உட்கார்ந்தேன்.

கடைசிக் காலத்தில் அவர் நம்ம பக்கத்து மனுஷர். உசிலம்பட்டி, பேரையூர் வழியா போனா டி.கல்லுப்பட்டி. அங்கே காந்திநிகேதன் ஆசிரமத்தில் 1950களில் வந்து தங்கினார். பிறந்தது தஞ்சாவூரில், 1892 ஜனவரி 4. கிறிஸ்தவக் குடும்பம். அப்போ அவர் பேர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படிச்சு, பம்பாயில் ஆடிட்டரா இருந்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படிச்சவர். 1929ல் காந்தியைப் பார்த்தார். கோட்டு சூட்டு போய் கதர் வந்தது. குடும்பத்தின் பழைய பேரான குமரப்பாவும் திரும்பி வந்தது. 1934ல் தொடங்கின அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினவர் இவர்தான்.

வெள்ளைக்காரன் பல தடவை ஜெயிலில் போட்டான். ஜபல்பூர் ஜெயிலில் இருந்தப்போ ரெண்டு புத்தகம் எழுதினார். ஒண்ணு இயேசுவின் போதனையைப் பத்தி. இன்னொண்ணு நிலைத்து நிற்கிற பொருளாதாரத்தைப் பத்தி. சர்ச்சுக்குள்ளே ஒரு கணக்கு, காட்டுக்குள்ளே ஒரு கணக்குன்னு அவர் வச்சுக்கலை.

அந்த ரெண்டாவது புத்தகத்தில் பிழைக்கிற விதத்தை மிருகம், பறவையை வச்சே வகை பிரிக்கிறார். புலி இன்னொரு உயிரைக் கொன்னு பிழைக்குது. குரங்கு மாமரம் வைக்கலை, தண்ணி ஊத்தலை, பழத்தை மட்டும் பறிக்குது. தேனீயும் பூவில் இருந்து எடுக்கத்தான் செய்யுது, ஆனா மகரந்தத்தைக் கொண்டு போய்ச் சேர்த்துட்டுப் போகுது. எல்லாத்துக்கும் மேலே கூலி கேக்காம குஞ்சுக்கு ஊட்டுற தாய்ப்பறவை.

ஏலம் போட்டவன் அந்தத் தேனீயைத் தாண்டிப் படிக்க முடியாது. ஏலப்பூவுக்கு ஆயுசு ஒரு நாள்தான். காலையில் விரிஞ்சு சாயங்காலம் வாடிடும். பூவோட அமைப்பில் மகரந்தம் தானா போய்ச் சேராது. தேனீ வந்தாத்தான் காய், வராட்டி பூ உதிரும். எங்க அப்பா காலத்தில் சரத்துக்கிட்ட குனிஞ்சாலே ரீங்காரம் கேக்கும். இப்போ பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கிற மருந்தில் அதுவும் சேர்ந்து போகுது. தேனீப் பெட்டி வச்சும் பார்த்தேன். ரெண்டாவது மருந்துக்கே பெட்டி காலி. குமரப்பா கணக்குப்படி நான் குரங்கா புலியான்னு எனக்குச் சந்தேகம்.

ஒரு விஷயத்தில் அவரோட எனக்கு முழுச் சம்மதம் இல்லை. லட்சம் பேர் சாப்பிட எத்தனை ஏக்கர் தானியம், பருப்பு, காய்கறி வேணும்னு கணக்குப் போட்டு, நிலத்தில் முதல் உரிமை அதுக்குத்தான்னார். புகையிலை, ஆலைக் கரும்பு மாதிரி பணப்பயிர் அவருக்கு ஆகாது. தரையில் அது சரி. இந்தச் சரிவில் நெல்லா போட முடியும்? நிழலில் வளர்ற ஏலம் இருக்கப்போய்த்தான் இங்கே மரம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கு. அந்த நிழலையும் காய் கூடணும்னு கழிச்சுக் கழிச்சு வெயிலாக்கினது நாமதான். அதுக்கு அவர்கிட்டச் சொல்ல என்கிட்ட பதில் இல்லை.

ரசாயன உரம் வேண்டாம்னு அவர் சொன்னப்போ கேக்க ஆள் இல்லை. 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் போய்ச் சேர்ந்தார்.

இந்த வருஷம் ஓடை ஓரத்து நாப்பது தூருக்கு மட்டும் மருந்து அடிக்கலை. காய் கம்மி. தோல் பூரா சொறி. தரம் பிரிக்கிறப்போ கழிச்சுக் கட்டிடுவாங்க. நேத்து காலையில் சரத்துக்கிட்ட குனிஞ்சு பார்த்தேன், நாலஞ்சு தேனீ இருந்தது. வர்ற அறுப்பின் பண்டிகைக்கு அந்தக் காயைத்தான் கொண்டு போகணும்னு இருக்கேன். சொறிக்காயை யார் ஏலம் கேப்பாங்களோ தெரியலை.