மரம் சொல்லும் வரலாறு

பண்டைய எகிப்து என்றவுடன் கல்லாலான பிரமிடுகளே நம் நினைவில் எழுகின்றன. ஆனால் அந்நாகரிகம் மரத்தாலும் வளர்ந்தது என்பதை நாம் அறிதல் வேண்டும். நைல் ஆற்றங்கரையில் வேலமரமும் காட்டத்தியும் உண்டு. நெடிய, நேரிய மரங்கள் அரிது. எனவே லெபனான் மலையின் கேதுரு மரங்கள் பிப்லோஸ் துறைமுகத்தின் வழியாகக் கடல் கடந்து வந்தன. சவப்பெட்டிக்கும் கோயிற் கொடிக்கம்பத்திற்கும் கப்பலுக்கும் அம்மரமே உயர்ந்ததெனக் கருதப்பட்டது.

1954ஆம் ஆண்டில் கூஃபு மன்னனின் பிரமிடருகே, மூடிய குழியொன்றில், 1,224 துண்டுகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த கேதுருக் கப்பல் கிடைத்தது. அது ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழைமையுடையது; நீளம் 43 மீட்டருக்கும் மேல். அதன் பலகைகள் கயிற்றால் தைத்துப் பிணைக்கப்பட்டவை. அகமது யூசுப் முஸ்தபா என்பார் பல்லாண்டுகள் உழைத்து அதனை மீண்டும் பொருத்தினார். அவருக்கு வழிகாட்டியவை, பண்டைத் தச்சர்கள் பலகைகளில் இட்டிருந்த குறிகளும், நைல் கரைப் படகுத் தச்சரிடம் அவர் கற்ற தொழிலறிவுமாம்.

மன்னன் பெயரை உலகறியும். அத்தச்சர் பெயரை எவரும் அறியார். எனினும் அவர்தம் குறிகளின்றி அக்கப்பல் மீண்டும் உருப்பெறுதல் அரிதாயிருக்கும். உழைத்தோரை மறந்த வரலாறு நமக்கும் புதிதன்று. உளியேந்திய கை எழுதுகோலும் ஏந்தினாலன்றி இக்குறை தீராது. இளைஞர்களே, கற்போம், நம் வரலாற்றை நாமே எழுதுவோம்.