திருவனந்தபுரம் மாவட்டம்: நிலமும் ஆட்சியும் நாமும்

ஒரு நாட்டிற்கு எல்லை வகுப்பவை இரண்டு. மலையும் ஆறும் கடலும் வகுக்கும் எல்லை ஒன்று. அரசாணை வகுக்கும் எல்லை மற்றொன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் வாழும் தமிழராகிய நாம் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நில அமைப்பு

கிழக்கே மலைநாடு, நடுவே இடைநாடு, மேற்கே கடற்கரை என நிலம் சரிந்து இறங்குகிறது. பரப்பு ஏறத்தாழ 2,190 சதுர கிலோமீட்டர். கிழக்கெல்லையில் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்பது அகத்தியர்கூடம். அகத்தியர்க்கு உரியதென்று தமிழ் மரபு போற்றும் பொதிய மலை இதுவே. இம்மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இறங்கும் நீர் தாமிரபரணியாகி நெல்லைச் சீமையை வளப்படுத்துகிறது. மேற்கே இறங்கும் நீர் நெய்யாறாகவும் கரமனையாறாகவும் நம்மிடம் வருகிறது. கரமனையாற்றை அருவிக்கரையில் தேக்கியே தலைநகர்க்குக் குடிநீர் வழங்குகின்றனர். நாம் பருகுவதும் பொதிகை நீரே.

வரலாறு

ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கியது விழிஞம். பன்னூறு ஆண்டுகட்குப் பின், 2025 மே 2 அன்று, அங்கே புதிய பன்னாட்டுத் துறைமுகம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அனந்தபுரத்து இறைவனை நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடியுள்ளார். அவ்விறைவனுக்கே மார்த்தாண்டவர்மர் 1750-இல் தம் நாட்டை ஒப்படைத்தார். அடுத்து ஆண்ட தர்மராஜா காலத்தில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இவ்வூர்க்கு மாறியது. திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் நிலைபெற்றனர். அத்தெருவிலேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன், அதன் மாந்தரைத் தமிழ்ச் சிறுகதைகளில் நிலைநிறுத்தினார். இந்நகரக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் ‘மனோன்மணீயம்’ வெளியிட்டார். அதன் தமிழ்த் தெய்வ வணக்கத்தைத் தமிழக அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது.

ஆட்சி

1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அவ்வாண்டு அமைந்த திருவனந்தபுரம் மாவட்டம் தெற்கே குமரிமுனை வரை பரந்திருந்தது. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டுமென நேசமணி முதலியோர் போராடினர். 1954 ஆகஸ்டு 11-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. கோரப்பட்ட நெய்யாற்றின்கரை இப்புறமே நின்றது. அதற்கு முந்திய நாள் வரை சொந்த மாநிலத்தின் தலைநகரில் இருந்த நாஞ்சில் நாட்டார், மறுநாள் பிற மாநிலத்தவர் ஆயினர். நம்முள் பலர் இடம்பெயர்ந்து வந்தோர்; சிலர்க்கோ எல்லையே இடம்பெயர்ந்தது!

எல்லை வகுத்த பின்னும் உறவு அறவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழக மண்ணில் நின்றாலும் அதைப் பேணுவது கேரள அரசு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இருமாநிலக் காவலர் மரியாதையுடன் களியக்காவிளையைக் கடந்து இங்கே எழுந்தருள்கின்றனர். ஆயினும் நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் வழி விளவங்கோட்டு வயல்களுக்குச் சென்ற நீர் 2004-இல் நிறுத்தப்பட்டது. தெய்வங்கள் எளிதில் கடக்கும் எல்லையைத் தண்ணீர் கடக்க இயலவில்லை.

இன்று இம்மாவட்டம் 6 வட்டங்களைக் கொண்டது. 2011 கணக்கின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 33 லட்சம். மாவட்ட ஆட்சியரின் நிர்வாகம் ஒருபுறம். மாநகராட்சி, நகராட்சிகள், மாவட்ட, வட்டார, கிராம ஊராட்சிகள் என மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்கள் மறுபுறம்.

நமக்கு இவற்றினும் இன்றியமையாதது 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம். மறுமொழியும் அம்மொழியிலேயே பெறலாம் என்பது அச்சட்டம் தரும் உரிமை. அவ்வலுவலகங்கள் பெரும்பாலும் அமைந்திருப்பது நம் நகரிலேயே. எனினும், தமிழில் ஒரு விண்ணப்பம் எழுத வல்ல பிள்ளைகள் நம் இல்லங்களில் எத்தனை பேர்? எழுதுவோர் இல்லையெனில் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். மலையாளத்தை அன்போடு கற்போம். தமிழைக் கைவிடாது கற்பிப்போம். ஒரே மலை இருபுறமும் நீர் தருவதுபோல், இரு மொழியும் நம் மனையில் தழைக்கட்டும்.