மலர் தொடுத்தற் சொற்களும் மனைத்தோட்ட மரபும்

மாலையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் மிகப் பல. கண்ணி, தார், கோதை, தெரியல், தொடையல், பிணையல், தாமம், அலங்கல், தொங்கல், இண்டை எனத் தொடரும் இவற்றுட் பெரும்பாலானவற்றை நிகண்டு நூலார் ஒரே தொகுதியில் அடக்கி, யாவும் மாலையின் பெயர் என்று கூறி அமைந்தனர். செய்யுள் யாப்போர்க்கு இத்தொகுதி பெரிதும் பயன்பட்டது. எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற சொல்லை வேண்டியவாறு எடுத்துக்கொள்ள இயன்றது. ஆயின், சொல்வரலாறு காண்பார்க்கு இதனால் நேர்ந்த இழப்புச் சிறிதன்று. கைவினையாலும் வடிவாலும் வேறுபட்ட பல பொருள்கள் ஒரு பொருளின் மாற்றுப்பெயர்களே போலத் தோன்றலாயின.

பழைய புலவர்க்கு இம்மயக்கம் இல்லை. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தைப் பாடிய பெருந்தேவனார், இறைவன் தலையிற் சூடிய கண்ணியையும் மார்பில் அணிந்த தாரையும் தனித்தனியே கூறுகின்றார். இரண்டும் கொன்றைப் பூவால் ஆனவையே. எனினும் பெயர் வேறு. உரையாசிரியர்களும் கண்ணி தலைக்குரியது, தார் மார்புக்குரியது என்னும் வரையறையைப் பல இடங்களிற் பேணினர். இவ்வேறுபாடு அணியும் இடம் பற்றியது. செய்யும் முறை பற்றிய வேறுபாடும் இச்சொற்களுள் உண்டா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா. அதனை ஆராயுமுன், இப்பூக்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சிறிது காணல் வேண்டும்.

சங்கப் பாடல்களில் மலை, காடு, கழனி, பொய்கை ஆகியவற்றின் பூக்கள் மிகுதியாகப் பேசப்படுகின்றன. குறிஞ்சிப்பாட்டின் தலைவியும் தோழியும் மலைச்சாரலிற் பறித்துப் பாறையின்மேற் குவித்த பூக்களின் நீண்ட நிரலைக் கபிலர் தந்துள்ளதை யாவரும் அறிவர். அந்நிரலின் பெருமையால், மனையை அடுத்திருந்த பூவும் கொடியும் ஆராய்ச்சியாளர் கண்ணுக்கு அத்துணைப் புலப்படவில்லை போலும். மனை நொச்சியும் அதிற் படர்ந்த முல்லையும், வீட்டுப் பெண் நீரூற்றி வளர்த்த வயலைக்கொடியும் அகப்பாடல்களில் இடம்பெறுகின்றன. வீட்டில் வளர்த்த வயலையைக் கன்றீன்ற பசு மேய்ந்துவிட்டதென்று தலைவி அழுததை நற்றிணைத் தாய் ஒருத்தி நினைந்து உரைக்கின்றாள். வயலை பூவுக்காக வளர்த்ததன்று, தழைக்காக வளர்த்தது. எனினும், அணிதற்குரியதைத் தன் மனையிலேயே வளர்க்கும் வழக்கம் இருந்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நெடுநல்வாடையில் வரும் செய்தி இன்னும் சுவையுடையது. கூதிர்க்காலத்து மழை மூடியதால் பகலும் இரவும் வேறுபாடின்றிக் கிடக்கின்றன. கதிரவனைக் கொண்டு பொழுதறிய வழியில்லை. மகளிர் பிடகையில் இட்டுவைத்த பித்திக அரும்புகள் இதழ் அவிழ்ந்து மணம் பரப்புகின்றன. அதனால் மாலை வந்ததென்று உணர்ந்து, விளக்கேற்றி நெல்லும் மலரும் தூவி வழிபடுகின்றனர். கொடியினின்று கொய்த பின்னும் அரும்பு தனக்குரிய பொழுதிலேயே மலரும் என்னும் அறிவு நக்கீரர் காலத்து மகளிர்க்கு இயல்பாக இருந்தது. இன்றும் மல்லிகையைக் காலையில் மொட்டாகப் பறித்து, விரியுமுன் தொடுத்து, மாலையிற் கூந்தலில் மலரவிடுதல் இதே அறிவின் பயனன்றோ?

மணிமேகலையின் 'மலர்வனம் புக்க காதை' தொடுத்த மாலைக்கும் புதிதாகக் கொய்த பூவுக்கும் உள்ள உறவைக் கதை நிகழ்ச்சியாகவே அமைத்துக் காட்டுகின்றது. கோவலனும் கண்ணகியும் உற்ற துயர் கேட்ட மணிமேகலையின் கண்ணீர் அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் விழுகின்றது. மாலை தூய்மை கெட்டதென மாதவி கூறி, புதுமலர் கொணருமாறு பணிக்கின்றாள். அப்பணியே மணிமேகலையை உவவனத்திற்குச் செலுத்துகின்றது. கதையின் போக்கு முழுதும் அதனால் திரும்புகின்றது. இதற்கு முந்திய காதையில், ஆடல் மகளிர் பயிலவேண்டிய கலைகளை அடுக்கும் சாத்தனார் மலரை ஆய்ந்து தொடுத்தலையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகின்றார். 'ஆய்தல்' என்னும் சொல்லை நோக்குக. பூவைத் தெரிந்தெடுத்தலும் தொடுத்தலும் சேர்ந்தே ஒரு கலை எனப்பட்டது.

இனி, நம் வினாவிற்கு நேர்விடை தருபவர் சேக்கிழார். திருப்புகலூர் முருக நாயனார் வரலாற்றில் அவர் இரண்டு செய்திகளை அடுத்தடுத்துக் கூறுகின்றார். முதலாவது, நாயனார் பறித்த பூக்கள்: மரக்கிளையிற் பூப்பன, நிலத்திற் பூப்பன, நீரிற் பூப்பன, கொடியிற் பூப்பன என நான்கு வகை. இது பலரும் எடுத்துக்காட்டும் பகுதி. இரண்டாவதை அத்துணை நோக்குவாரில்லை. பறித்த பூக்களைத் தனியிடத்தில் இருந்து அவர் எவ்வெவ்வாறு அமைத்தார் என்பது அது. கோவையைக் கோத்தார்; இண்டையைச் சுருக்கினார்; தாமம் செய்தார்; மாலையை இணைத்தார்; கண்ணியைத் தண்டிற் கட்டினார்; பிணையலைத் தாளிற் பிணைத்தார்; தாது உதிரும் தொங்கலைச் சமைத்தார். தாமம் ஒன்று நீங்கலாகப் பெயர்தோறும் அதற்குரிய வினையையோ தன்மையையோ ஆசிரியர் உடன்வைத்துள்ளார். நிகண்டு ஒன்றாக்கியதைப் புராணம் பிரித்துக் காட்டுகின்றது.

இவற்றைக் கைவினையோடு பொருத்திக் காண்போம். கோத்தல் ஊசியால் நிகழ்வது. காம்பு கட்டுதற்குப் போதாமல், குழல் வடிவான அடியையுடைய பவழமல்லி போன்ற பூக்கள் கோத்தற்கே உரியன. பிணைத்தலோ நாரையும் நூலையும் வேண்டாதது. நெடிய தாளையுடைய ஆம்பலின் தண்டை ஒடித்து, அதன் தோலையே சங்கிலியாக்கிப் பூவைப் பதக்கமாகத் தொங்கவிடும் சிற்றூர்ச் சிறுவரைக் கண்டவர்க்குச் சேக்கிழார் சொல் விளங்கும். இண்டை வட்டமாகச் சுருக்கிய சிறு வளையம்; இறைவன் முடிமேற் சாத்துவது.

தண்டிற் கட்டும் கண்ணி என்பதிற் கருத்து வேறுபாட்டிற்கு இடமுண்டு. தண்டு என்பதைப் பூவின் காம்பு என்றே கொள்வார் உளர். அங்ஙனம் கொள்ளின், அதே அடியில் தாள் என்று மீண்டும் கூறுதற்குக் காரணம் புலப்படவில்லை. காம்பு இரண்டையும் குறிப்பதாயின் கண்ணிக்கும் பிணையலுக்கும் வேறுபாடு இன்றாகிவிடும். வேற்றுமை காட்டவே அமைந்த செய்யுளில் அது பொருந்தாது. எறிபத்தர் வரலாற்றில் சிவகாமியாண்டார் பூக்கூடையைத் தாங்கிவந்த கோலையும் சேக்கிழார் தண்டு என்றே குறிக்கின்றார். எனவே, மெல்லிய குச்சி ஒன்றை நடுவாகக் கொண்டு அதன்மேற் பூவைக் கட்டிய அமைப்பே கண்ணி எனக் கொள்வது பொருத்தமாகத் தோன்றுகின்றது. தலையில் நிற்க வேண்டிய ஒன்றுக்கு விறைப்பு வேண்டும்; மடலேறுவோன் சூடிய எருக்கங்கண்ணியும் அவ்வாறே நின்றிருக்கும். இதனை முடிந்த முடிபாகக் கூறவில்லை. பெயரும் வினையும் பயனும் ஒருங்கு இயைவதே இக்கொள்கைக்கு வலிமை.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முருக நாயனார் சம்பந்தர், அப்பர் காலத்தவர், ஏழாம் நூற்றாண்டினர். சேக்கிழாரோ பன்னிரண்டாம் நூற்றாண்டினர். ஆதலின் இச்செய்யுள் சோழர் காலக் கோயில் வழக்கிற்குச் சான்றாகுமேயன்றி, அப்பர் காலத்து வழக்கிற்கு நேர்ச்சான்று ஆகாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனம், திருநந்தவனப்புறம், திருப்பள்ளித்தாமம் முதலிய சொற்கள் மிகுதியாகப் பயில்வதும் இதற்கு அரண் செய்யும். பூப் பறித்தலும் தொடுத்தலும் நிலம் விட்டு நடத்தப்பெற்ற பணிகளாக அக்காலத்தில் வளர்ந்திருந்தன.

அதே காலத்துச் செப்பேடுகள் மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றன. திருவாலங்காட்டுச் செப்பேடு போன்ற கொடை ஆவணங்களில், கொடை பெற்றோர்க்கு வழங்கிய உரிமைகள் விரிவாகக் கூறப்பெறும். சுட்ட ஓட்டால் மாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம் என்பவற்றோடு, தமனகம், மரு, செண்பகம், செங்கழுநீர் முதலியன நடலாம் என்பதும் ஓர் உரிமையாக எழுதப்பட்டுள்ளது. உரிமை என்று எழுதித் தரவேண்டியிருந்ததெனின், அது யாவர்க்கும் இயல்பாக இருந்ததன்று என்பது பெறப்படும். தன் நிலத்தில் ஒரு மணச்செடியை ஊன்றுதற்கும் அரசாணை வேண்டியிருந்த நிலையைப் பூமாலைச் சிறப்பை மட்டும் பாராட்டி எழுதுவோர் குறிப்பிடுவதில்லை. நக்கீரர் காட்டும் பிடகையிலிருந்து இவ்வாணை வரை வந்த தொலைவு சிறிதன்று. பூவின் வரலாறு நில உரிமையின் வரலாறும் ஆதலின், இலக்கியச் சான்றை மட்டும் கொண்டு அதனை எழுதிவிட முடியாது.

வைணவ மரபில் பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் தாமே தோட்டம் வளர்த்துத் தாமே தொடுத்தனர். திருப்பள்ளியெழுச்சியின் இறுதிப் பாட்டில் தொண்டரடிப்பொடியாழ்வார் தம்மை அறிமுகப்படுத்துவது தொடுத்த துளவத்தோடும் கூடையோடுமே. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிய மாலை திருமலைப் பிரமோற்சவத்தின் கருட சேவைக்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர்க்கும் செல்லும் வழக்கம் இன்றும் உள்ளது.

மலர்வினைச் சொற்கள் செய்யுள் இலக்கணத்துட் புகுந்ததும் கருதத்தக்கது. யாப்பு என்பது கட்டுதல். தொடை என்பது தொடுத்தல். கோவையும் மாலையும் சிற்றிலக்கிய வகைகளாயின. ஈரடியால் வரும் இசைப்பாட்டின் உறுப்புக் கண்ணி எனப்பட்டது. பூக்கட்டுவோர் வாயில் இன்றும் கண்ணி என்பது, எதிரெதிராகக் காம்பு வைத்து நாரால் ஒருமுறை முடிந்த பூவின் தொகுதியையே குறிக்கும். "இரண்டு கண்ணி கிள்ளிக் கொடு" என்று கேட்பதை எந்த ஊரிலும் கேட்கலாம். இணையாக வருவதும், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வதும் பாட்டின் கண்ணிக்கும் பூவின் கண்ணிக்கும் பொது. சேக்கிழார் கூறும் கண்ணியும் இதுவும் பொருளால் வேறாயினும், கட்டுதல் என்னும் வினை இரண்டிற்கும் அடிப்படை.

அகராதிகள் இம்முடிச்சுப் பொருளைத் தெளிவுறக் கூறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபொழுது நூல்வழக்கே பெரிதும் கொள்ளப்பட்டமை இயல்பே. கோயில்களிற் பூக்கட்டும் பண்டாரங்களும், தெருவோரத்தில் முழம் போடும் மகளிரும் கையாளும் சொற்களை ஊர்தோறும் சென்று தொகுக்கும் பணி எஞ்சியுள்ளது. சரம், செண்டு, கதம்பம், கண்ணி ஆகியவற்றோடு, வாழைநாரைக் கிழித்து நனைத்துப் பதப்படுத்துதற்கு அவர் வழங்கும் சொற்களும் அதில் அடங்கும். நனைந்த வாழைநார் காம்பை அறுக்காது; பூவிற்கு ஈரத்தையும் சிறிது நேரம் காத்துத் தரும். நூல் இவ்விரண்டும் செய்யாது. நாரினிடத்தை நூல் கைப்பற்றிவரும் இந்நாளில், நாரோடு பிறந்த சொற்களை அறிந்த முதியோர் உள்ளபொழுதே தொகுத்துக்கொள்ளல் வேண்டும்.