அரைக் கோர்ட்டு

ஹவாயின் மாவி தீவில், 1940-களின் தொடக்கத்தில், பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆட ஆசைப்பட்ட பெண்களுக்கு ஒரு விதி இருந்தது. பாதி மைதானம்தான் அவர்களுக்கு. நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. முழுக் கோர்ட்டும் ஓடினால் பெண் உடம்பு தாங்காதாம். அதே தீவின் கரும்புத் தோட்டங்களில் பெண்கள் நாள் முழுக்க வெயிலில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த உடம்பு தாங்குமா என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த அரைக் கோர்ட்டில் ஆடியவர்களில் ஒருத்தி பேட்ஸி டகேமோட்டோ. ஜப்பானிலிருந்து குடியேறிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. டாக்டராக வேண்டும் என்பது கனவு. விண்ணப்பித்த ஒரு மருத்துவக் கல்லூரிகூட எடுத்துக்கொள்ளவில்லை. சரி என்று சிகாகோவில் சட்டம் படித்தார். படித்து முடித்தபின், கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கும் பெண்ணுக்கு வேலை தர வக்கீல் அலுவலகங்கள் தயாராக இல்லை. 1964-ல் பேட்ஸி மிங்க் என்ற பெயரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெள்ளையரல்லாத ஒரு பெண் அந்தச் சபைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

அமெரிக்காவில் பெண்கள் விளையாட்டு பற்றி இன்று எந்தச் சட்டமன்ற உறுப்பினர் பேச எழுந்தாலும் வாயில் வரும் முதல் சொல் ‘நியாயம்’. சட்டங்களின் பெயரிலேயே அது இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பேட்ஸி மிங்க் பேசியதும் நியாயத்தைப் பற்றித்தான். சொல் ஒன்றுதான், ஆனால் கேள்வி மாறிவிட்டது. அது எப்போது, எப்படி மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

1970 கோடையில், ஓரிகன் மாநிலத்தின் ஈடித் கிரீன் என்ற உறுப்பினர், கல்வியில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு பற்றி ஏழு நாள் விசாரணை நடத்தினார். யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு நல்ல பெயருள்ள பல பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இத்தனை இடம்தான் என்று வெளிப்படையாகவே கணக்கு வைத்திருந்தார்கள். விசாரணையின் விளைவாக ஒரு மசோதா உருவானது. கிரீன் அரசியல் தெரிந்தவர். மசோதாவை ஆதரித்துச் சத்தம் போட வேண்டாம் என்று பெண்கள் அமைப்புகளையே கேட்டுக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று எதிராளிகள் படித்துப் பார்த்தால் பிரச்சினை, அதனால்தான்.

பிரதிநிதிகள் சபையில் கிரீனும் மிங்க்கும், செனட்டில் இந்தியானாவின் பிர்ச் பேயும் அதைக் கரைசேர்த்தார்கள். 1972 ஜூன் 23 அன்று நிக்சன் கையெழுத்திட்டார். அதுதான் டைட்டில் நைன். அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் அடிப்படையில் யாரையும் விலக்கக் கூடாது, பலன்களை மறுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் மொத்தம் 37 வார்த்தைகள். அதில் விளையாட்டு என்ற வார்த்தையே கிடையாது.

ஆனால் பள்ளி, கல்லூரி விளையாட்டும் கல்வித் திட்டம்தானே? இது உறைத்ததும் கல்லூரிக் கால்பந்து உலகம் விழித்துக்கொண்டது. நம்மூர்க் கால்பந்து இல்லை, தோளில் கவசம் கட்டிக்கொண்டு மோதும் அமெரிக்கக் கால்பந்து. டெக்சஸ் செனட்டர் ஜான் டவர் 1974-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வருமானம் தரும் விளையாட்டுகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும் என்றார். செனட்டில் அது நிறைவேறி, பின்னர் இரு அவைகளும் கூடிப் பேசியபோது கைவிடப்பட்டது. சட்டத்துக்கான விதிமுறைகளை அரசு வெளியிட்டபோது கிட்டத்தட்ட 10,000 கருத்துக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றைப் பார்த்தால் நாட்டின் மிக முக்கியமான பிரச்சினையே கல்லூரி விளையாட்டுதான் போலிருக்கிறது என்று துறை அமைச்சர் காஸ்பர் வைன்பர்கர் கேலியாகச் சொன்னார்.

1975 ஜூலை 16. டைட்டில் நைனின் அமலாக்கத்தைப் பலவீனப்படுத்தும் ஒரு பிரிவு பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வருகிறது. ஒவ்வொரு ஓட்டும் எண்ணப்படும் நேரத்தில் மிங்க்குக்குத் தகவல் வருகிறது: நியூயார்க்கில் படிக்கும் மகள் கார் விபத்தில் மோசமாக அடிபட்டிருக்கிறாள். அவர் அவையை விட்டு ஓடுகிறார். 212-க்கு 211. ஒரே ஓட்டில் அவர் தரப்பு தோற்றது. தோல்வி தாங்காமல் அவர் அழுதுகொண்டே வெளியேறினார் என்று பத்திரிகைகள் எழுதின.

மறுநாள் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட் உண்மையில் நடந்ததை அவைக்கு விளக்கினார். மீண்டும் ஓட்டெடுப்பு நடந்தது. இந்தத் தடவை 215-க்கு 178, மிங்க் தரப்புக்கு வெற்றி. மகளும் பிழைத்துக்கொண்டாள்.

இந்தச் சண்டைகள் எல்லாம் எதைப் பற்றியவை? எவ்வளவு பணம், எத்தனை அணி, யாருக்கு எந்த நேரத்தில் மைதானம், எத்தனை பயிற்சியாளர். 1976 மார்ச்சில் யேல் பல்கலைக்கழகத்தின் படகோட்டும் பெண்கள் 19 பேர், உடற்கல்வித் துறை அதிகாரி ஒருவரின் அறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றினார்கள். மார்பிலும் முதுகிலும் ‘டைட்டில் நைன்’ என்று எழுதியிருந்தது. காரணம் குளியலறை. பயிற்சி முடிந்து ஆண்கள் வெந்நீரில் குளித்து வருவார்கள். அதுவரை பெண்கள் நனைந்த உடையோடு பஸ்ஸில் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நியாயம் என்ற பெரிய சொல்லுக்கு அன்றைக்கு இருந்த அர்த்தம் ஒரு ஷவர். எண்ணிப் பார்க்கலாம், கட்டியாச்சா இல்லையா என்று போய்ப் பார்க்கலாம்.

*

இனி 2020-க்கு வருவோம். ஐடஹோ மாநிலச் சட்டமன்றத்தில் பார்பரா எஹார்ட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவருகிறார். பெயர் ‘பெண்கள் விளையாட்டில் நியாயம்’. திருநங்கை மாணவிகள் பெண்கள் அணிகளில் ஆடக் கூடாது என்பது அதன் உள்ளடக்கம். அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் வருவது அதுதான் முதல் தடவை. பிறகு 25-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் போயின.

எஹார்ட்டும் கூடைப்பந்துக்காரர். கல்லூரியில் ஆடி, பல்கலைக்கழக அளவில் பயிற்சியாளராக இருந்தவர். டைட்டில் நைன் திறந்த கதவு வழியாகத்தான் தானும் ஆட வந்ததாகச் சொல்பவர். மிங்க்கின் சட்டத்தால் பலன் பெற்ற தலைமுறை. அவருடைய வாதத்தை வெறுப்பு என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. ஆண் உடல் பருவமடையும்போது பெறும் உயரம், தசை, எலும்பு எல்லாம் ஆட்டத்தில் கணக்குக்கு வரும். உலகத்தர ஓட்டப் பந்தயங்களில் ஆண் பெண் இடைவெளி சுமார் 10 முதல் 12 சதவீதம். பெண்கள் பிரிவு என்று ஒன்று தனியாக இருப்பதே அதனால்தான். கஷ்டப்பட்டுக் கிடைத்த அந்த இடத்துக்கு ஓர் எல்லை வேண்டாமா என்று அவர் கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் இங்கேதான் கேள்வி மாறுகிறது. ‘எவ்வளவு’ என்பது போய் ‘யார்’ என்பது வந்துவிட்டது. யார் பெண் என்று சட்டம் கேட்டால், அதற்கு யாராவது ஒருத்தர் சோதித்துப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். ஐடஹோ சட்டத்தில் அதற்கும் வழி இருந்தது. ஒரு மாணவி மேல் சந்தேகம் எழுந்தால் இனப்பெருக்க உறுப்பு, மரபணு, டெஸ்டோஸ்டீரோன் அளவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கொண்டு மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும். சந்தேகம் பெண்கள் அணியில் ஆடுபவர்கள் மேல் மட்டும்தான் எழும். பையன்களை யாரும் கேட்கப்போவதில்லை.

2022 மார்ச்சில் யூட்டா மாநிலம் இதே மாதிரிச் சட்டத்தை நிறைவேற்றியபோது, ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் அதை நிராகரித்துக் கடிதம் எழுதினார். அவரும் குடியரசுக் கட்சிதான். மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி அளவில் ஆடும் பிள்ளைகள் 75,000. அதில் மாற்றுப் பாலினத்தவர் 4 பேர். பெண்கள் அணியில் ஆடுவது ஒரே ஒருத்தி. சட்டமன்றம் அவருடைய மறுப்பை மீறிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அதே மாநிலத்தில், ஒரு போட்டியில் எல்லாரையும் வெகுதூரம் முந்திய மாணவி மேல் தோற்ற இரண்டு பெண்களின் பெற்றோர் புகார் கொடுத்தார்கள். அவளிடம் எதுவும் சொல்லாமல், மழலையர் வகுப்பு வரை அவளுடைய பள்ளிப் பதிவேடுகளைத் தோண்டினார்கள். எல்லாவற்றிலும் ‘பெண்’ என்றே இருந்தது. அவள் செய்த ஒரே தப்பு ஜெயித்தது.

*

‘யார்’ என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1966-ல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகளை உடையில்லாமல் மருத்துவர்கள் முன் நடக்கவிட்டார்கள். 1968 ஒலிம்பிக்கிலிருந்து குரோமோசோம் சோதனை. தப்பான முடிவுகளும் அவமானங்களும் பெருகி, 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி எல்லாருக்கும் செய்யும் சோதனையைக் கைவிட்டது. ‘சந்தேகப்பட்டால் மட்டும்’ என்பது தொடர்ந்தது.

அந்தச் சந்தேகம் யார் மேல் விழும் என்று நமக்குத் தெரியும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பா அம்மாவின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு சோதனை. என்ன சோதனை என்று அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. பதக்கம் பறிபோன செய்தியை அவர் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். சாந்தி திருநங்கை அல்ல. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். தமிழக அரசு அறிவித்த 15 லட்சம் வந்தது, பதக்கம் வரவில்லை. உயிரை விடவும் முயன்றார். 2012-ல் அவரும் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் வேலையில் நிலைக்க இன்னும் சில வருஷங்கள் ஆயின.

ஐடஹோவுக்கும் கத்தக்குறிச்சிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ‘யார்’ என்ற கேள்வியைக் கேட்கும் சட்டம் எங்கே இருந்தாலும், அதன் செலவைக் கட்டுவது பெரும்பாலும் சாந்தி மாதிரி ஒருத்திதான். அந்தக் கேள்வியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்பவர்கள் அந்தச் செலவையும் கணக்கில் எழுத வேண்டும்.

*

2025 ஜனவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நாடு முழுக்கச் செல்லும் தடைச் சட்டத்தை 218-க்கு 206 என்று நிறைவேற்றியது. மார்ச்சில் செனட்டில் அதற்கு 51 ஓட்டுத்தான் கிடைத்தது, தேவை 60. செனட்டில் அதை முன்னின்று நடத்தியவர் அலபாமாவின் டாமி டூபர்வில், முன்னாள் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர். இடையில், பிப்ரவரி 5 அன்று டிரம்ப் தடை உத்தரவே போட்டார். கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ மறுநாளே விதியை மாற்றியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதன் தலைவர் செனட்டில் சொல்லியிருந்தார்: 5,10,000 வீரர்களில் மாற்றுப் பாலினத்தவர் என்று தனக்குத் தெரிந்தவர்கள் 10 பேருக்கும் குறைவு.

‘எவ்வளவு’ என்ற பழைய கேள்வி என்ன ஆச்சு? 2021-ல் அதே என்சிஏஏ நடத்திய கூடைப்பந்துப் போட்டியில் ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம், பெண்களுக்கு ஒரே ஒரு அடுக்கு டம்பெல். செடோனா பிரின்ஸ் என்ற வீராங்கனை அதை வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் கருவிகள் வந்தன. 1971-72-ல் உயர்நிலைப் பள்ளிகளில் ஆடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு, பையன்கள் 36 லட்சத்துக்கு மேல். இன்று பெண்கள் சுமார் 35 லட்சம். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனாலும் டைட்டில் நைன் வருவதற்கு முன்பு பையன்கள் இருந்த எண்ணிக்கையைப் பெண்கள் இன்னும் எட்டவில்லை.

ஷவர் கட்டப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை யாரிடமிருந்தாவது எடுக்க வேண்டும், எடுத்தால் யாருக்காவது கோபம் வரும். 1974-ல் டவருக்கு வந்த மாதிரி. விலக்கிவைக்கும் சட்டத்துக்கு பட்ஜெட்டில் ஒரு பைசா ஒதுக்க வேண்டாம். சட்டமன்றங்களின் முன்னுரிமை ஏன் இந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பேட்ஸி மிங்க் 2002 செப்டம்பரில் காலமானார். சில வாரங்களில் டைட்டில் நைனுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்று அந்தச் சட்டத்தின் பெயரால் இரண்டு தரப்பும் வழக்காடுகிறது. அவர் உயிரோடு இருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் ‘பெண் உடம்பு எதுவரை தாங்கும்’ என்று அடுத்தவர் முடிவு செய்து, தரையில் கோடு போட்டு, இதற்கு மேல் வராதே என்று நிறுத்தினால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.